மழையில்லாமல் ஆடிய வைப்பர்

அத்தியாயம் 6

கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பூட்டுப் போட்ட ஒரு மனிதரைச் சிட்டிபாபு தன் நாற்பது வருஷ வாழ்க்கையில் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தான்.

பூட்டியவர் நாகபூஷணம். பெண்ணைப் பெற்றவர். திருப்பதியில் அரிசி மண்டி வைத்திருப்பவர். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கதவுக்குக் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் சாம்பார், இரண்டு கூட்டு, மோர்க்குழம்பு, பாயசம். வாசனைக்கு மட்டும் அவரால் பூட்டுப் போட முடியவில்லை.

“உண்மை வெளிய வர்ற வரைக்கும் ஒரு பருக்கை வெளிய வராது,” என்றார் அவர். “என் பொண்ணு மணையில உக்காந்துக்கினு இருந்தா. மாப்பிள்ளை எங்கடான்னா, நகரியில வேற ஒரு கல்யாணத்துல பொங்கல் துன்னுக்கினு இருந்தானாம். ஏமய்யா, எவன் தாங்குவான்?”

“தாங்க முடியாதுதான்,” என்றான் சிட்டிபாபு, கதவைப் பார்த்தபடி. அவன் சொன்னது பாயசத்தை.

நடந்தது இதுதான். தை மாதத்து முகூர்த்தம், விடியற்காலை. மாப்பிள்ளை வீட்டார் வரதய்யபாளையத்திலிருந்து இருட்டோடு புறப்பட்டார்கள். முன்னால் வீராசாமியின் வேன், அடுத்து மாப்பிள்ளை கோவர்த்தனன் உட்கார்ந்த அம்பாசிடர், அதன் பின்னால் சொந்தபந்தம் ஏறிய பஸ். வழி தெரிந்தவன் வீராசாமி ஒருத்தன்தான். ஆகவே, ‘வேன் எந்தப் பக்கம் இண்டிகேட்டர் போடுதோ அந்தப் பக்கம் திரும்பு’ என்று மற்ற இரண்டு டிரைவர்களுக்கும் கண்டிப்பான உத்தரவு.

புத்தூர் கூட்டு ரோட்டில் வலது பக்கம் திரும்பினால் திருப்பதி. இடது பக்கம் திரும்பினால் நகரி. பனி கொட்டிக்கொண்டிருந்தது. வேன், இடது பக்க விளக்கை அழகாகச் சிமிட்டிவிட்டு, வலது பக்கம் போய்ப் பனியில் மறைந்துவிட்டது. உத்தரவுக்குக் கட்டுப்பட்ட அம்பாசிடரும் பஸ்ஸும் இடது பக்கம் போயின.

நகரியில் ஊருக்குள் நுழைந்ததும் வாழைமரம் கட்டிய ஒரு மண்டபம், ஒலிபெருக்கி, வாசலில் பன்னீர்ச் செம்போடு நாலு பேர். அந்த மண்டபத்திலும், வந்து சேராத ஒரு மாப்பிள்ளைக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் முன்பின் பார்க்காத இரண்டு கூட்டம். “வாங்க, வாங்க, இவ்ளோ லேட்டா?” என்று பன்னீர் தெளித்தார்கள். இவர்களும் போய் இலையில் உட்கார்ந்துவிட்டார்கள். மாப்பிள்ளையை மணையில் உட்கார வைத்து, பெண்ணையும் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார வைத்த பிறகுதான் ஏதோ தகராறாகி, குட்டு வெளிப்பட்டது.

திருப்பதிக்கு நேரத்தில் வந்து சேர்ந்தது வேன் ஒன்றுதான். அதிலிருந்து நாதஸ்வரக்காரர்கள் இறங்கினார்கள். சீர்வரிசைத் தட்டுகள் இறங்கின. மாப்பிள்ளையின் அத்தை செங்கம்மா இறங்கினாள். மாப்பிள்ளை மட்டும் இறங்கவில்லை. முகூர்த்தம் தப்பிய பிறகுதான் அம்பாசிடரும் பஸ்ஸும் நகரியிலிருந்து வந்து சேர்ந்தன.

மறுநாள் விடியலில் இன்னொரு முகூர்த்தம் இருந்தது. ஆனால் நாகபூஷணம் ஒரே பிடியாக நின்றார். நகரிக்காரர்களோடு பேசி வைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார் செய்த சதி இது என்றார். வீராசாமி வாயிலிருந்து அதை வரவழைத்து, அவனைப் போலீஸில் ஒப்படைத்துவிட்டு, சம்பந்தத்தை முறித்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். தாயில்லாத கோவர்த்தனனைத் தூக்கி வளர்த்தவள் செங்கம்மா. அவள்தான் சித்தூருக்குப் போன் போட்டு ஞானசௌந்தரி அம்மாளை வரவழைத்தாள்.

ஞானசௌந்தரி அம்மாள் சித்தூர் மிஷன் காம்பவுண்டுக்காரர். பெண்கள் சிறையில் வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே கேட்ட பொய்களுக்குக் கணக்கே இல்லை. ஓய்வு பெற்ற பிறகு பொய் கேட்காமல் பொழுது போகாததால் துப்பறியும் நிலையம் ஆரம்பித்தார். சிட்டிபாபு ஒரு நாடகக் கம்பெனியில் கோமாளி வேஷம் கட்டியவன். ராஜா வேஷக்காரர் கொட்டகைத் துணியோடு ஓடிப்போன அன்று கம்பெனி மூடப்பட்டது. கொட்டகைத் துணியைத் தேடி அம்மாளிடம் வந்தவன், அங்கேயே உதவியாளனாகத் தங்கிவிட்டான். துணி இன்னும் கிடைக்கவில்லை.

“முதல்ல டிரைவரப் பாக்கலாம்,” என்றார் அம்மாள்.

டிரைவரைக் காய்கறி அறைக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். சும்மா இருப்பானேன் என்று சமையல்காரர் அவன் முன்னால் ஒரு கூடை சின்ன வெங்காயத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார். வீராசாமி வெங்காயம் உரித்துக்கொண்டு கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான்.

“அழுகையா, வெங்காயமா?” என்று கேட்டான் சிட்டிபாபு.

“ரெண்டும்தான் சாமி.”

“சொல்லுப்பா,” என்றார் அம்மாள். “புத்தூர்ல எந்தப் பக்கம் இண்டிகேட்டர் போட்டே?”

“வலது பக்கம் போவ எப்படிப் போடணுமோ அப்படித்தாம்மா போட்டேன். எட்டு வருஷமா எப்படிப் போட்டனோ அப்படியே போட்டேன். எங்க குலதெய்வத்து மேல சத்தியம்.”

அம்மாள் அவன் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். வெளியே வந்ததும், “இவன் பொய் சொல்லல சிட்டி,” என்றார். “ஆனா எதையோ முழுங்குறான்.”

“முழுங்க அவனுக்காச்சும் ஏதோ கெடச்சிருக்கு,” என்றான் சிட்டிபாபு.

வேன் மண்டபத்து வேப்பமரத்தடியில் நின்றது. வெளிநாட்டு வண்டி. தட்டையான முகத்தில் இரண்டு உருண்டை ஹெட்லைட்டோடு, எதையோ கேட்டுத் திடுக்கிட்ட மாதிரி இருந்தது. உள்ளே படுக்கை, குட்டி அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. தாடி வளர்த்த வெள்ளைக்காரன் ஒருவன் மனைவியோடு கடல் தாண்டாமல் தரை வழியாகவே அதை ஓட்டி வந்து, ஏர்பேட்டில் ஆசை தீர்ந்து, வீராசாமியிடம் விற்றுவிட்டு ரயிலேறிப் போனானாம். இடது பக்கம் ஸ்டியரிங் வைத்த வண்டி. வீராசாமி அதை ஒரு பட்டறையில் விட்டு வலது பக்கம் மாற்றிக்கொண்டான்.

அம்மாள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சிட்டிபாபு பின்னால் நின்றான். பூட்டுக்குச் சமையல்காரரைக் காவல் வைத்துவிட்டு நாகபூஷணமும் கூடவே வந்து நின்றார்.

“இடது பக்கம் போடுறேன்.”

“இடதுதான் மினுக்குது அக்கா.”

“வலது.”

“வலது.”

“ஹெட்லைட்.”

“பளிச்சுனு எரியுது. பகல்லயே கண்ணு கூசுது.”

எல்லாச் சுவிட்சும் தர்மபுத்திரன் போல நடந்துகொண்டன. நாகபூஷணம் தொடையில் தட்டினார். “சூசாரா, பாத்தீங்களா? வண்டி யோக்கியம். அப்போ ஆளுதான் அயோக்கியன். நான் ஸ்டேஷனுக்குப் போறேன்.”

சிட்டிபாபுவுக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் ஒரு கோமாளி ராஜா பேச்சை அப்படியே ஒத்துக்கொள்வது தொழில் தர்மம் இல்லை. “அக்கா, நான் ஒண்ணு சொல்லவா? நகரிக்காரன் மாப்பிள்ளை வரல. பந்தல் போட்டாச்சு, பொண்ணு ரெடி. போற வர்ற மாப்பிள்ளையில ஒண்ணப் புடிச்சி உக்கார வெச்சிரலாம்னு ரோட்டுல ஆள் நிறுத்தியிருக்கான்.”

“மாப்பிள்ளை என்ன மீனா, வலை போட?”

“துன்னுக்கினு இருந்தாரே. தூண்டிலாத்தான் இருக்கணும்.”

அம்மாள் சிரிக்கவில்லை. வேப்பமரத்தடியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற செங்கம்மாவைக் கூப்பிட்டார். “நீங்க இந்த வேன்லதானே வந்தீங்க? வழியில என்ன நடந்தது?”

“இன்னா நடந்துச்சி... வண்டியில வெளிச்சமே இல்ல தாயி. பாதி வழி நான்தான் ஜன்னலுக்கு வெளிய டார்ச்சு லைட்டப் புடிச்சிக்கினு வந்தேன். கையே விறைச்சிப் போச்சி. ‘ஏண்டா ஹெட்லைட்டு போடல’ன்னா, ‘போடுறேன் எரிய மாட்டேங்குது’ன்றான். அது போதாதுன்னு, மழையே இல்ல, ஒரு சொட்டு இல்ல, கண்ணாடி மேல அந்தத் தொடப்பம் மட்டும் இப்படியும் அப்படியும் ஆடிக்கினே வருது. மோகினி ஏறிக்கினான்னு நெனச்சேன்.”

அம்மாளின் புருவம் மெல்ல ஏறியது. அந்தப் புருவம் ஏறினால் சிறையில் கம்பி எண்ணுகிறவர்கள் எண்ணுவதை நிறுத்திவிடுவார்கள் என்று சிட்டிபாபு கேள்விப்பட்டிருக்கிறான்.

“சிட்டி, டிரைவரக் கூட்டிக்கினு வா. வெங்காயத்த அங்கயே வெச்சிட்டு வரச் சொல்லு.”

வீராசாமி வந்தான். அம்மாள் அவனைச் சீட்டில் உட்கார வைத்தார். “ஒண்ணும் யோசிக்காத. கண்ண மூடிக்க. நீ ராத்திரியில போயிக்கினு கீறே. ஹெட்லைட்டப் போடு.”

வீராசாமியின் கை தானாகப் போய் ஒரு குமிழை இழுத்தது. வைப்பர் ஆடியது. காய்ந்த கண்ணாடியில் கிறீச் கிறீச்சென்று அது தேய்க்க, வீராசாமி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, சூடு பட்டவன் போலக் கையை உதறினான்.

“இப்போ வலது பக்கம் திரும்பப் போறே. இண்டிகேட்டர் போடு.”

அவன் கை இண்டிகேட்டர் குச்சியை இடது பக்கத்துக்குத் தள்ளியது.

“இடது எரியுது!” என்று பின்னாலிருந்து கத்தினான் சிட்டிபாபு. “அக்கா, இவனுக்கு சோத்துக்கை பீச்சாங்கை தெரியாதா?”

“தெரியும். கை மாறல சிட்டி. வண்டி மாறிடுச்சி.” அம்மாள் குரலைத் தாழ்த்தினார். “வீராசாமி, இந்த வண்டியில எட்டு வருஷமா இடது தள்ளினா வலதுதானே எரிஞ்சிது? வைப்பர் குமிழ இழுத்தா ஹெட்லைட்டுதானே வந்திச்சி?”

வீராசாமி பொலபொலவென்று அழுதான். இந்த முறை வெங்காயம் பக்கத்தில் இல்லை.

“ஆமாம்மா. ஸ்டியரிங்க இந்தப் பக்கம் மாத்துனப்போ அந்தப் பட்டறைக்காரன் சுவிட்ச தலகீழா மாட்டிட்டான். ஒயரையும் மாத்திக் குடுத்துட்டான். மறுபடி போனா பட்டறையே இல்ல, காலி பண்ணிக்கினு போயிட்டான். சரி போவட்டும்னு நானே பழகிக்கினேன். வலது போவணும்னா இடது, வெளிச்சம் வேணும்னா மழை. அதுவே மனப்பாடமாயிடுச்சி. வெளிய சொன்னா வண்டிய ரோட்டுல வுடுவாங்களா? அதான் சொல்லல. இன்னிக்கி விடிகாலையில எதைப் போட்டாலும் வேற ஒண்ணு நடக்குது. கிலி புடிச்சிக்கிச்சி.”

நாகபூஷணம் வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “அப்போ... தப்பா இருந்தத எவனோ சரி பண்ணிட்டான்னு சொல்றீங்க.”

“அதேதான். எட்டு வருஷமா தப்பா இருந்த வரைக்கும் இந்த வண்டி ஒரு தடவைகூடத் தப்பா போனதில்ல. சரி பண்ணின அன்னிக்கே மாப்பிள்ளைய நகரிக்கு அனுப்பிடுச்சி.”

“எந்த மெக்கானிக்கு பாபு அவன்?”

“மெக்கானிக்கு இல்ல,” என்றான் சிட்டிபாபு. தன் வாயிலிருந்து ஒரு துப்பு வருவதை அவனே எதிர்பார்க்கவில்லை. “வேலை செஞ்சிட்டுக் கூலி கேக்காம போற மெக்கானிக்கு எந்த ஊர்லயும் கெடையாது சார். செய்யாத வேலைக்கே கேப்பான்.”

அம்மாள் அவனை முதன்முறையாக மரியாதையோடு பார்த்தார். அந்த மரியாதையின் விலை உடனே தெரிந்தது. “நல்லா சொன்னே. ஸ்டியரிங்குக்குக் கீழ பூந்து, ஒயர் எப்படிக் கட்டியிருக்குன்னு பாரு.”

கோமாளியாக இருந்தபோது பீப்பாய்க்குள் படுத்திருக்கிறான். இது அதைவிடக் கஷ்டம். கால் வெளியே, தலை உள்ளே, மிதிகட்டை மூக்கில் இடித்தது. “புது டேப்பு சுத்தியிருக்கு அக்கா. நீட்டா, அளவா இருக்கு. ரசிச்சி ரசிச்சி செஞ்ச வேலை.” அவன் நெளிந்து வெளியே வந்து சட்டையைத் தட்டினான்.

“திரும்பு,” என்றார் அம்மாள்.

திரும்பினான். அவன் வெள்ளைச் சட்டையின் முதுகு மஞ்சளாக இருந்தது.

அம்மாள் குனிந்து வண்டியின் ரப்பர் விரிப்பைப் பார்த்தார். அதில் மஞ்சள் பூசிய ஒரு முதுகின் அச்சு விழுந்திருந்தது. இரண்டு தோள்பட்டை, நடுவில் முதுகெலும்பின் பள்ளம், மேலே பிடரி. விரலால் தொட்டு முகர்ந்தார். மஞ்சளும் சந்தனமும்.

“சமையல்காரனா இருக்கும்,” என்றார் நாகபூஷணம்.

“சமையல்காரர் கையில மஞ்சள் இருக்கும். முதுகுல யாரு பூசி விடுவாங்க?” அம்மாள் நிமிர்ந்தார். “நேத்து சாயங்காலம் இந்த வேன் எங்க நின்னுச்சி, செங்கம்மா?”

“எங்க வூட்டு வாசல்லதான்,” என்றாள் செங்கம்மா. அவள் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

“கல்யாண வீட்டுல எல்லார் கையிலயும் மஞ்சள் இருக்கும். ஆனா முதுகு, பிடரி, தோளுன்னு ஒருத்தருக்குத்தான் பூசுவாங்க. நேத்து நலங்கு வெச்சது யாருக்கு?”

“நான்தான் என் கையால பூசினேன்,” என்றாள் செங்கம்மா, காற்றுப் போன குரலில். “அய்யோ, துப்பறிய உங்கள நான் கூட்டிக்கினு வந்து, என் புள்ளயவே புடிச்சிக் குடுத்துட்டனே!”

மாப்பிள்ளை கோவர்த்தனனைத் தேட வேண்டியிருக்கவில்லை. அவன் மண்டபத்துத் தூணுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தான், எவ்வளவு நேரமாகவோ. பட்டு வேட்டி, கசங்கிய மாலை, தூக்குத் தண்டனை கேட்ட முகம். எலெக்ட்ரிக்கல் டிப்ளமா படித்தவன். வரதய்யபாளையத்தில் பம்புசெட் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தான்.

“நான்தான்,” என்றான். “வீராசாமி அண்ணன் மேல தப்பே இல்ல. காலையில இருந்து சொல்லணும் சொல்லணும்னு நிக்கிறேன், வாய் வரல. நான் ஒயர தப்பா மாட்டிட்டேன்னு நெனச்சேன். மோட்டார் ரிப்பேர்க்காரன் ஒரு சுவிச்ச தப்பா மாட்டுனான்னா அப்புறம் எவன் மோட்டாரு குடுப்பான்?”

“நீ தப்பா மாட்டல தம்பி,” என்றார் அம்மாள். “ரொம்பச் சரியா மாட்டினே. அதான் குத்தம்.”

அது அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும், அத்தனை கலவரத்திலும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்ததைச் சிட்டிபாபு பார்த்தான்.

“உனக்கு எதுக்குடா அந்த வேலை?” என்று தலையில் அடித்துக்கொண்டாள் செங்கம்மா.

“நலங்கு முடிஞ்சி கை நடுங்கிக்கினே இருந்துச்சி அத்தை. கல்யாணம்னு நெனச்சாலே நடுங்குது. எதையாச்சும் கழட்டி மாட்டினா எனக்கு நடுக்கம் நின்னுரும். வேன் நின்னுச்சி. சும்மா இண்டிகேட்டரப் போட்டுப் பாத்தேன், மாத்தி எரிஞ்சிது. அதப் பாத்துட்டு எப்படித் தூங்குறது? அண்ணன் அசந்து தூங்கிக்கினு இருந்தாரு. காலையில சொல்லலாம்னு நெனச்சேன். அப்புறம் என்னக் குளிப்பாட்டிட்டாங்க, மறந்துட்டேன்.”

நாகபூஷணம் நாற்காலி இல்லாத இடத்தில் உட்காரப் போய்ச் சமாளித்து நின்றார். சதி என்று நம்பியது கையைவிட்டுப் போனதில் அவருக்கு வருத்தம்தான். “சரேலே, வண்டி கதை இருக்கட்டும். நகரியில மணையில போய் உக்காந்தது? அது என் பொண்ணுக்கு அவமானம் இல்லியா?”

“அத நான் கேக்கணும் நைனா.”

எல்லாரும் திரும்பினார்கள். மாடிப்படியில் பெண் நின்றிருந்தாள். சுலோசனா. விடியற்காலை கட்டிய கூறைப்புடவையை இன்னும் மாற்றவில்லை. படியிறங்கி வந்து கோவர்த்தனனுக்கு நேராக நின்றாள். அவன் மாலை நடுங்கியது.

“நகரியில தாலி கட்டுற வரைக்கும் வந்துட்டு, தகராறு பண்ணி எழுந்துட்டீங்களாமே. எதுக்கு எழுந்தீங்க? அந்த மாப்பிள்ளை வந்துட்டானா?”

“அவன் அப்புறமாத்தான் வந்தான். நான் முன்னயே எழுந்துட்டேன்.”

“ஏன்?”

கோவர்த்தனன் அத்தையைப் பார்த்தான். அம்மாளைப் பார்த்தான். உதவி எங்கேயும் வரவில்லை.

“அந்தப் பொண்ணு தலையக் குனிஞ்சிக்கினே இருந்துச்சி. நாங்க பொண்ணு பாக்க வந்தன்னிக்கி நீங்க ஒரு தடவைகூட குனியல. காபி குடிச்சி முடிக்கிற வரைக்கும் என்னையே மொறச்சிக்கினு இருந்தீங்க. நான் ஐயர்கிட்ட சொன்னேன், ‘சாமி, இவங்க என்ன மொறைக்கல, இது எனக்குப் பாத்த பொண்ணு இல்ல’ன்னு. அதுல இருந்துதான் தகராறு.”

சுலோசனா அவனை அப்போதும் முறைத்துக்கொண்டுதான் இருந்தாள். முறைப்பு ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து, திடீரென்று வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்து வேனின் கதவைப் பிடித்துக்கொண்டாள். நாகபூஷணம் மகளைப் பார்த்தார். அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை போலும். பிறகு இடுப்பிலிருந்த சாவியை எடுத்துச் செங்கம்மாவிடம் கொடுத்தார்.

“போய்த் தொறங்க சம்பந்தி. நாளைக்கி விடிகாலையில முகூர்த்தம். எல்லாரும் துன்னுட்டுத் தூங்கட்டும்.”

சிட்டிபாபு அந்தத் திசையில் நாலு அடி எடுத்து வைத்தபோது, பின்னாலிருந்து வீராசாமியின் குரல் கேட்டது.

“எல்லாம் சரி சாமி. என் வண்டி?”

“உன் வண்டிக்கு என்ன? இப்பத்தான் நல்லா இருக்கே,” என்றார் அம்மாள்.

“அதாம்மா பிரச்சினை. எட்டு வருஷத்துக் கை. இனிமே மாத்தினா எங்கயாச்சும் மோதி வெப்பேன். நாளைக்கி இவங்களையெல்லாம் நான்தானே ஏத்திக்கினு திரும்பிப் போவணும்? தம்பி, புண்ணியமாப் போவும், எனக்கு அதப் பழையபடி கெடுத்துக் குடுத்துரு.”

கோவர்த்தனன் பின்வாங்கினான். “அது மட்டும் என்னால முடியாதுண்ணா. சரியா இருக்கிற ஒயர தெரிஞ்சே எப்படி மாத்தி மாட்டுறது? கை வராது.”

“அப்போ நாளைக்கி வண்டி எடுக்க மாட்டேன்.”

“அண்ணா, கேளுங்க...”

“முடியாதுன்னா முடியாது.”

வேறு டிரைவருக்கு வழி தெரியாது. மண்டபம் மறுபடியும் களேபரமானது. செங்கம்மா பூட்டில் சாவியை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சிட்டிபாபு கண்ணை மூடிக்கொண்டான்.

“நகருங்க,” என்றாள் சுலோசனா.

கூறைப்புடவையின் முந்தானையை இழுத்துச் செருகினாள். வீராசாமியின் பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை உருவி எடுத்துக்கொண்டு, யாரும் தடுக்கும் முன்னால் ஸ்டியரிங்குக்கு அடியில் புகுந்தாள். கொலுசுக் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

“உங்களுக்குக் கை வரலன்னா பரவால்ல,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “எந்த ஒயர் எங்கன்னு வாயால சொல்லுங்க. வாய் வரும்ல?”

கோவர்த்தனன் வேன் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, வலித்துக்கொண்டே சொன்னான். “பச்சையக் கழட்டு... அது இல்ல, பக்கத்துல... அத மஞ்சள் இருந்த எடத்துல... மெதுவா, திருகு புரி போயிடும்...” அவன் ‘நீங்க’ளிலிருந்து ‘நீ’க்கு இறங்கிவிட்டதை அவனும் கவனிக்கவில்லை, அவளும் திருத்தவில்லை.

கடைசியில் வீராசாமி சீட்டில் ஏறி உட்கார்ந்தான். மண்டபத்துச் சனம் முழுவதும் வேனைச் சுற்றி நின்றது. அவன் கண்ணை மூடிக்கொண்டு இண்டிகேட்டர் குச்சியை இடது பக்கம் தள்ளினான்.

தப்பான விளக்கு எரிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.